மயிலாப்பூரா, திருவல்லிக்கேணியா?

போன மாதம் அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து பேசினான். சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, தங்குறதுக்கு மயிலாப்பூர் பாக்கவா, திருவல்லிக்கேணி பாக்கவா? ஒரு வருஷம் கழிச்சு அம்மாவும் வந்துருவாங்க" என்றான். சென்னையில் பழைய பேட்டை ஒன்றில் குடியிருக்க ஆசைப்படுகிற பலரும் கடைசியில் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். நான் இரண்டிலும் இருந்தவன். திருவல்லிக்கேணியில் நான்கு வருடம் மேன்ஷன் (தனியாக வந்த ஆண்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடுகிற கட்டடம்), கல்யாணமான பிறகு இரண்டு வருடம் ஸ்டோர் வீடு, அதாவது பல குடித்தனங்கள் சேர்ந்து இருக்கிற வீடு. அதற்கப்புறம் பதினோரு வருடமாக மயிலாப்பூர். அவனுக்கு போனில் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பீட்டில் வழக்கமாக மயிலாப்பூரைத்தான் ஜெயிக்க வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேரூன்றிவிட்ட குடும்பத்துக்கு மயிலாப்பூர் வசதி, சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெட்டியோடு ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவனைச் சேர்த்துக்கொள்வதில் திருவல்லிக்கேணிக்கு நிகராக இந்த நகரத்தில் இன்னொரு பேட்டையை நான் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் கிடையாது. பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியில் ஏறினால் கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், அடுத்தது திருமயிலை, அதாவது மயிலாப்பூர். திருமங்கையாழ்வாரே "நன்மயிலைத் திருவல்லிக்கேணி" என்றுதான் பாடியிருக்கிறார். அவர் கண்ணுக்கு அல்லிக்கேணி, மயிலையைச் சேர்ந்த இடம். இரண்டும் வேறு வேறு குணமுள்ள ஊர்களானது பிற்பாடுதான். மயிலாப்பூருக்குப் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் சாந்தோமில் குடியேறினார்கள். ஆங்கிலேயர் கைக்கு அந்தப் பகுதி வந்தது 1749இல். திருவல்லிக்கேணியோ 1670களிலேயே ஆங்கிலேயரின் கோட்டையோடு சேர்ந்துவிட்டது. அப்புறம் 1768இல் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். அவரோடு வந்த சிப்பாய்கள், எழுத்தர்கள், சமையல்காரர்கள், வியாபாரிகள் எல்லாம் பக்கத்துத் தெருக்களில் குடியேறினார்கள். பெருமாள் கோயில் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உருது காதில் விழுவது அதனால்தான். 1857இல் பல்கலைக்கழகம் வந்தது, மாநிலக் கல்லூரி வந்தது, மாணவர்கள் வந்தார்கள், பிறகு அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாக்கள் வந்தார்கள். வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவது அந்த ஊரின் தொழிலாகவே ஆனது. மயிலாப்பூரில் நடந்தது வேறு. அங்கே உயர் நீதிமன்ற வக்கீல்கள் லஸ் பக்கம் தோட்டமும் துரவுமாகப் பங்களா கட்டினார்கள். இன்று அந்தத் தோட்டங்கள் எல்லாம் அடுக்குமாடிகள். ஆனாலும் "இது எங்கள் இடம்" என்கிற நிதானம் அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறது.

கோயிலும் குளமும்

கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 120 அடி. 1906இல் கட்டியது. சுவாமி மேற்கே பார்த்திருக்கிறார், குளமும் மேற்கே இருக்கிறது. பழைய கோயில் கடற்கரையில் இருந்ததாகவும், போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டதாகவும் சொல்கிறார்கள். அம்பாள் மயிலாக வந்து பூஜித்த புன்னை மரத்தடியில் காலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். வயதானவர்களுக்கு இந்தப் பிராகாரம் பெரிய வரம். என் மாமியார் மயிலாப்பூருக்கு வந்த முதல் வாரத்திலேயே அங்கே நாலு சிநேகிதிகளைப் பிடித்துவிட்டார். தெருவில் இல்லாத இடம் கோயிலுக்குள் கிடைக்கிறது.

பார்த்தசாரதி கோயிலில் அந்த விசாலம் இல்லை. சனிக்கிழமை என்றால் வரிசை, மார்கழி என்றால் பெரிய வரிசை, வைகுண்ட ஏகாதசிக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் சந்நிதிக்குள் போய் நின்றால் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காதது. மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு முறுக்கிய மீசை. ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் பீஷ்மர் விட்ட அம்புகளின் வடுக்கள். தேரோட்டியாகப் போய்ச் சண்டையில் அடிபட்ட முகத்தையே அப்படியே தெய்வமாக வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் மேற்கே பார்த்து நரசிம்மர். அவருக்குத் தனிக் கொடிமரம், தனி வாசல். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டும் இங்கே இருக்கிறது. சென்னை நகரத்துக்குள் கிடைத்த கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

திருவிழா என்று எடுத்துக்கொண்டால் மயிலாப்பூரின் பங்குனிப் பெருவிழாவை மிஞ்ச முடியாது. ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். நாயன்மார்கள் அத்தனை பேரும் பல்லக்குகளில் வரிசையாக வருவதைப் பார்க்க மாட வீதிகளில் கூடுகிற கூட்டத்தில், வீட்டு வாசலைத் தாண்டவே நமக்கு அரை மணி நேரம் ஆகும். தெருவுக்குத் தெரு மோர், பானகம், புளியோதரை. பெரிய விழா அது. ஆனால் வருடத்தில் பத்து நாள்.

திருவல்லிக்கேணியில் பெருமாள் புறப்பாடு என்பது கிட்டத்தட்ட வாராவாரம் நடக்கிற காரியம். சித்திரையில் பார்த்தசாரதிக்கு பிரம்மோற்சவம், ஆனியில் நரசிம்மருக்கு, நடுவில் ஆழ்வார் திருநட்சத்திரங்கள், ஏகாதசி, அமாவாசை. நாங்கள் இருந்த ஸ்டோர் வீட்டின் வாசலும் தெருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். விடிகாலையில் முதலில் ஆழ்வார் பாசுரங்களைச் சொல்லிக்கொண்டு வருகிற பிரபந்த கோஷ்டியின் குரல் கேட்கும். எதிர்வீட்டு மாமி அவசரமாக வாசலில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் கோலத்தை இழுத்து முடிப்பார். கோஷ்டி கடந்ததும் பெருமாள், அவருக்குப் பின்னால் வேதம் சொல்லிக்கொண்டு இன்னொரு கோஷ்டி. தமிழ் முன்னால் போகும், வேதம் பின்னால் வரும். பெருமாளைத் தோளில் சுமந்துவருகிற தோளுக்கினியான் பல்லக்கின் தண்டு நம் ஜன்னல் கம்பியில் உரசுகிற அளவுக்குத் தெரு குறுகல். என் மகள் அப்போது கைக்குழந்தை. தூக்கத்திலிருந்து எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்று சேவித்துவிட்டு, மறுபடி தொட்டிலில் போட்டுவிடுவோம். மயிலாப்பூரில் இதை நான் ரொம்பவே இழந்துவிட்டேன்.

நடந்து போகிற தூரத்தில்

மயிலாப்பூரைச் சுற்றி இருப்பதைச் சொல்லி முடியாது. லஸ்ஸில் 1516இல் கட்டிய பிரகாச மாதா ஆலயம், ஊர்க்காரர்கள் வாயில் காட்டுக் கோயில். சாந்தோமில் 1896இல் எழுந்த வெள்ளைப் பேராலயம். அதற்குக் கீழே தோமையரின் கல்லறை. ராமகிருஷ்ண மடம், நாகேஸ்வர ராவ் பூங்கா, திருவள்ளுவர் கோயில், பேயாழ்வார் அவதரித்த இடம். மார்கழியில் சபாக்கள். ரசிக ரஞ்சனி சபாவும் பாரதிய வித்யா பவனும் நடக்கிற தூரம், மியூசிக் அகாடமிக்கு ஒரு ஆட்டோ. திருவல்லிக்கேணியில் பிறந்த பார்த்தசாரதி சுவாமி சபாவே இன்று சீசன் கச்சேரிகளை மயிலாப்பூர்ப் பக்கம்தான் நடத்துகிறது. ஆக, கர்நாடக சங்கீதம் உங்களுக்கு முக்கியம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், மயிலாப்பூர்தான்.

திருவல்லிக்கேணியின் பெரிய சொத்து மெரினா. கோயில் வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் காலில் மணல். கபாலி கோயிலிலிருந்தும் கடல் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் கச்சேரி ரோட்டையும் சாந்தோம் நெடுஞ்சாலையையும் தாண்ட வேண்டும். அதனால் மயிலாப்பூர்க்காரர்கள் கடற்கரைக்கு 'போவார்கள்', திருவல்லிக்கேணிக்காரர்கள் சாப்பிட்ட கையோடு நடந்துவிட்டு வருவார்கள். வெயில் காலத்தில் மேன்ஷன் அறையில் மின்விசிறி அனல் காற்றை இறைக்கும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு மணலில் போய்ப் படுத்துக்கொள்வோம். அந்தக் காற்று இல்லாவிட்டால் அந்த நான்கு வருடத்தைத் தள்ளியிருக்க மாட்டேன்.

கடற்கரைச் சாலையில் அரைவட்ட முகப்போடு நிற்கிறது ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897இல் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார், அதனால் இன்று விவேகானந்தர் இல்லம். இந்தப் பக்கம் சேப்பாக்கம் மைதானம். 1916இலிருந்து இருக்கிறது. மேட்ச் நாளில் டிக்கெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மொட்டை மாடியில் நின்றால் விக்கெட் விழுந்ததா, சிக்ஸரா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு. 1921இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது, அதே வருடம் செப்டம்பரில் அவர் இந்த வீட்டில் காலமானார். அரசு அதை வாங்கி நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. கூட்டம் இருக்காது. வேலை தேடி அலைந்த நாட்களில் மதியம் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன், காவலர் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. கணிதமேதை ராமானுஜன் சிலகாலம் குடியிருந்ததும் இந்தத் தெருக்களில்தான். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் படித்தது இங்கே இருக்கிற இந்து உயர்நிலைப் பள்ளியில். 1878இல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்து 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பெயரே 'திருவல்லிக்கேணி அறுவர்'. 1904இல் தொடங்கிய டி.யு.சி.எஸ். கூட்டுறவு பண்டகசாலையின் பெயரிலும் முதல் எழுத்து 'டிரிப்ளிகேன்', அதாவது திருவல்லிக்கேணிதான். பணமில்லாதவர்கள் சேர்ந்து எதையாவது தொடங்குகிற ஊர் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வாலாஜா பள்ளிவாசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1795இல் நவாப் குடும்பம் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல், முன்னால் பெரிய திறந்த மைதானம். ரமலான் மாதத்தில் சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள். நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு வரிசையாகத் தட்டு வைத்துப் பரிமாறுகிறவர்கள் தலையில் தொப்பி இருக்கும். ஆனால் அவர்கள் முஸ்லிம்கள் இல்லை. மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் என்கிற சிந்தி பக்தர்களின் கோயிலிலிருந்து வருகிற தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர் தொடங்கிய அமைப்பு அது. பல பத்தாண்டுகளாக மயிலாப்பூரில் சமைத்து, வண்டியில் ஏற்றி, திருவல்லிக்கேணிக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். முதன்முதலில் பார்த்தபோது என் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் இவர்கள் யார் என்று கேட்டேன். "நம்ம மயிலாப்பூர்க்காரங்க தம்பி, மொதல்ல கஞ்சி ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றார்.

வீடு தேடும்போது

இனி கறாரான விஷயம். மேன்ஷன் அறை என்றால் பத்துக்கு எட்டு. இரண்டு கட்டில், ஒரு மர அலமாரி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த மேன்ஷனின் ஜன்னல். நடைக்கூடம் முழுக்கக் கயிற்றில் லுங்கியும் துண்டும். காலை ஐந்து மணிக்குக் கீழே குழாயடியில் வாளிகள் வரிசை கட்டும், வாளியில் பெயின்டால் அறை எண் எழுதியிருக்கும். தண்ணீர் வராத நாட்கள் உண்டு. நான் இருந்த இடத்தில் ஒரு கோடையில் மூன்று வாரம் லாரித் தண்ணீர்தான், அதற்குத் தனிக் காசு வாங்கினார்கள். கழிவறை பொது. தனிமை என்பதே கிடையாது. ஆனால் முதல் நாள் நான் போய் நின்றபோது மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊர் தம்பி?" சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் வீடு தேடியபோது தரகர் போனில் கேட்ட கேள்விகள்: எத்தனை பேர், என்ன வேலை, சொந்த ஊர் எது, சாப்பாடு எப்படி. கடைசிக் கேள்விக்குப் பதில் 'அசைவமும் உண்டு' என்றால் பாதி வீடுகளின் கதவு அங்கேயே மூடிவிடும். சில வீட்டுக்காரர்கள் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், நோக்கம் ஒன்றுதான். பதினோரு வருடம் ஆகியும் எனக்கு இது நெருடலாகத்தான் இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலை ஒட்டிய தெருக்களிலும் இதே கதைதான், அதை மறைக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே மூன்று தெரு தள்ளிப் போனால் ஊரே மாறிவிடும். மயிலாப்பூரில் மந்தைவெளி, பட்டினப்பாக்கம் பக்கம் நகர்ந்தால்தான் மூச்சு விட முடியும்.

ஆனால் குடும்பம் என்று வந்துவிட்டால் மயிலாப்பூர் வீடுகள் மேல். காற்று வெளிச்சம் கூடுதல், லிஃப்ட் உள்ள கட்டடங்கள் கிடைக்கும். வாடகையும் அதற்கேற்ப அதிகம்தான். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனமாக இருந்த வீடுகளை இடித்துக் கட்டிய புது பிளாட்டுகள்கூட நெருக்கம்தான். கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பைக்கை நிறுத்தவே இடம் தேட வேண்டியிருக்கும்.

நடுவில் இருக்கிற ராயப்பேட்டையையும் சிலர் சொல்வார்கள். ஆஸ்பத்திரி பக்கம், கடைகள் பக்கம், வசதிதான். ஆனால் சாயங்காலம் போய் உட்கார ஒரு குளமோ மணலோ அங்கே இல்லை.

வாயும் வண்டியும்

சாப்பாட்டில் இரண்டும் சளைத்தவை இல்லை. மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னி, கற்பகாம்பாள் மெஸ், சுவரில் இருக்கிற ஜன்னல் வழியாகவே தட்டு நீட்டுகிற ஜன்னல் கடை. திருவல்லிக்கேணிக்கு ரத்னா கஃபே போதும். இரண்டு இட்லியை வைத்து, அது மூழ்குகிற வரை சாம்பார் ஊற்றுவார்கள். பாதி சாப்பிட்டு நிமிர்ந்தால் கூஜாவோடு மறுபடி ஆள் நிற்பார். மாதக் கடைசியில் எனக்கு இரண்டு இட்லியும் மூன்று கரண்டி சாம்பாரும் ராத்திரிச் சாப்பாடாக இருந்திருக்கிறது. பிரியாணி, ரமலான் காலத்து ராத்திரிக் கடைகள் என்றால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு ஈடு மயிலாப்பூரில் கிடையாது.

காய்கறிக்கு மயிலாப்பூரில் தெற்கு மாட வீதி, திருவல்லிக்கேணியில் ஜாம்பஜார். விலையில் ஜாம்பஜார், தேர்ந்தெடுத்து வாங்குவதில் மாட வீதி. நவராத்திரிக்குக் கொலு பொம்மை வாங்க வடக்கு மாட வீதி. பழைய புத்தகத்துக்குப் பைகிராப்ட்ஸ் ரோடு, அதாவது இன்றைய பாரதி சாலை.

போக்குவரத்தில் இன்றைக்குத் திருவல்லிக்கேணி முன்னால் இருக்கிறது. அண்ணா சாலைக்கு எல்லீஸ் ரோடு வழியாக நடந்தே போய்விடலாம், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் அந்தப் பக்கம்தான். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காக லஸ்ஸைச் சுற்றித் தோண்டியதிலிருந்து பஸ் எந்த வழியாகப் போகும் என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். திருமயிலையில் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கப் போகின்றன, பறக்கும் ரயிலும் அங்கேயே இருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோ திருவல்லிக்கேணிக்குள் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் இரண்டையும் நேரில் வந்து பார்த்தான். மந்தைவெளியில் ஒரு வீடு, திருவல்லிக்கேணி பெரிய தெருவுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறையும் சமையலறையும். இரண்டாவதுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பார்த்தாள். கோயிலுக்குப் போனாள், மீசையோடு நிற்கிற பெருமாளை ரொம்ப நேரம் பார்த்தாள், சாயங்காலம் கடற்கரையில் காலை நனைத்தாள். ராத்திரி சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த அடுப்படியில ரெண்டு பேரு சேந்து நிக்க முடியாது. ஒரு வருஷம் இவன் இங்கயே இருக்கட்டும். நான் வர்றப்போ மந்தைவெளி வீடு காலியா இருக்கான்னு கேட்டு வையி."